நெருப்பு கொண்டுவந்தது யார்?

பக்கவாதத்தால் அண்ணன் பேச்சிழந்து இருபது நாளாயிற்று. மருத்துவமனைக் கட்டிலருகே, வேற்றினத்திலிருந்து வாழவந்த அண்ணி, கணவனுடைய மலைமொழியில் குலக்கதை சொல்வதைத் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஆதித்தாய்க்கு நெருப்பு கொண்டுவந்தது நரி...”

“நரியா? பதினைஞ்சு வருஷமா கேட்டும் இதுதானா, அண்ணி? எங்க கதையைக் கொல்லாதீங்க!”

“சும்மா இரு, தாயே. நரி மெதுவா மலையேறிச்சு...”

கட்டிலில் உதடுகள் துடித்தன. “க... கரடி!”

தங்கை அண்ணன் முகத்தருகே குனிந்தாள். அண்ணியோ அழுதுகொண்டே சிரித்தாள்.

“கரடின்னு எனக்குத் தெரியாதா? தப்பாச் சொன்ன கதையைத் திருத்தாம விடுறது உங்க குலத்துக்கே ஆகாதே. அதான் நரியை நம்பினேன்.”

தங்கை அவள் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நாளைக்கு நம்ம கதையில எதைத் தப்பாச் சொல்லலாம், அண்ணி?”