கடைசி வரியில் வைரக்கண்ணு

ஒரு காலத்தில் பண்டிதர்கள் திருத்தி, கடைசி வரியில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்ட ஆயுர்வேத நூல் அது. இப்போது குடித்த மருந்தின் அளவையும் உடம்பின் மாற்றத்தையும் கணக்கெடுக்கும் நோயாளிகளின் கைப்பட்டைகளைக் கேட்டுத் தன்னைத்தானே தினமும் திருத்திக்கொள்கிறது. யாருடைய உடம்பால் திருத்தம் வந்ததோ, அவர் பெயர் கடைசி வரியில் ஏறும். இதுவரை ஏறியவர்கள் எல்லாரும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் செத்தவர்கள்.

இன்று காலை டாக்டர் தமயந்தியின் திரையில் ஏறிய பெயர்: வைரக்கண்ணு, தஞ்சாவூர்.

அவளுடைய நோயாளி! போன வாரம் கஷாயம் கொடுத்தவளும் அவளேதான்.

மேற்கொண்டு படிக்காமல் ஸ்கூட்டரை விரட்டினாள். கதவை இடித்தாள். திறந்தவர் வைரக்கண்ணு, வாயில் வடையோடு.

“சார், உயிரோடயா இருக்கீங்க?”

“ஏம்மா, அதுல உங்களுக்கு வருத்தமா? மூட்டு வலி போயே போச்சு!”

“கஷாயம் குடிச்சீங்களா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “தினமும் பாதிதான். கசப்பு தாங்கல. மீதியை வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். மருமககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

தமயந்தி அப்போதுதான் போனில் திருத்தத்தை முழுதாகப் படித்தாள். ‘இனி எல்லாருக்கும் பாதி அளவே போதும்.’

“உலகத்துக்கே சொல்லியாச்சு சார்” என்றாள். “ஊர், பேரோட.”