கடைசி அடி

கடலோடு சேரும் உப்பேரியில் மீன்பிடித்துவிட்டுக் காலையில் திரும்பிய ஜோஷ்வா, மதியம் தங்கை ஜெசிந்தாவோடு பகடை விளையாட்டில் உட்கார்ந்தான். அவள் கதை சொல்ல, அவன் அதில் வீரன்; பகடை விழுவதைப் பொறுத்து வீரனின் உயிர்ப்புள்ளிகள் குறையும், தீர்ந்தால் சாவு.

"உன் வீரனுக்கு ஒரே உயிர்ப்புள்ளிதான் மிச்சம்ணா."

"இத்தினி வெட்டு வாங்கியும் எப்டி நிக்கறான்?"

"வெட்டே படலண்ணா. மூச்சு, தைரியம், அதிர்ஷ்டம் எல்லாம் சேந்ததுதான் புள்ளி. இதுவரைக்கும் அதுதான் கொறஞ்சுது. கடைசி அடிதான் ஒடம்புல படும்."

ஜோஷ்வாவின் இமைகள் சரிந்தன. தூக்கம் என்று நினைத்தாள். ஆனால் பகடையைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை.

"இன்னாண்ணா ஆச்சு?"

நாக்குக் குழறியது. "காலையில வலை பிரிக்கறப்போ கடல்பாம்பு கால்ல ஒரசிச்சு. வலிக்கவேயில்ல. தப்பிச்சிட்டேன்னு நெனச்சேன்."

கைலியை விலக்கினாள். கணுக்காலில் பல் தடம் பதிந்திருந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்தபோது, அவனால் தலையைத் தூக்க முடியவில்லை.