பிரிந்த தேதி

ஈப்போவில் ஒரு வக்கீலின் மாடி அலுவலகம். சம்மதித்து விவாகரத்து கேட்கும் கலாதேவியும் தர்மாவும் ஒரே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மடியிலிருக்கும் திருமணச் சான்றிதழின் பிளாஸ்டிக் உறையில் சன்னல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. "எப்பலேர்ந்து பிரிஞ்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள் மனுவை எழுதும் அலுவலகக் கிராணி விவியன். "போன வருசம் மார்ச்சு," என்கிறான் தர்மா. துணிமணியோடு அவன் வீட்டை விட்டுத் தாப்பா ஊருக்குக் கிளம்பிய மாதம் அது. விவியனின் பேனா நகர்கிறது. "அதுக்கும் முந்தியே லா," என்கிறாள் கலாதேவி மெதுவாக. "எங்க பாப்பா ஆஸ்பத்திரி வார்டுல சாகக் கெடந்தப்ப இவரு உள்ளாற வரவே இல்ல. லிஃப்ட்கிட்டயே நின்னுட்டாரு." பேனா நிற்கிறது. பாப்பா இறந்த அந்த நாளைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "அது என்னா தேதி, அக்கா?" என்று விவியன் அவளைப் பார்க்கிறாள். "அதுக்கு முந்தின வருசம் ஆகஸ்ட் பதினொன்னு," என்கிறான் தர்மா, குனிந்த தலை நிமிராமல். "மத்தியானம் மூணே காலு."