பரீட்சை தேறினால் காப்பி

"'ஐ ஹேவ் ஸீன் ஹர் எஸ்டர்டே.' இப்ப சரிதானேக்கா?"

"அட கடவுளே! எஸ்டர்டே வந்துட்டா ஹேவ் வரக்கூடாதுன்னு காலையிலேருந்து கத்துறேன். தொண்டைத் தண்ணி வத்திப் போச்சுடா!"

இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் பொடிசுகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவள் அவள். சொந்தத் தம்பி பாலன்தான் தேறுவேனா என்றான். ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை அவனுக்கு. அவன் இங்கிலீஷ் 'டிக்கெட் ப்ளீஸ்' என்று ஆரம்பித்து 'தேங்க் யூ'வோடு தீர்ந்துவிடும்.

வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

"உட்காருடா! நீ நடக்குற நடைக்குக் கிள்ளானுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். சரி, சோறு ஆக்கியாச்சுன்னு நான் சொன்னா என்ன அர்த்தம்?"

"வந்து சாப்பிடுன்னு அர்த்தம்."

"ஆங்! எப்ப ஆக்கினேங்கிற பேச்சே இல்ல. இப்ப சோறு இருக்கு, அதான் விஷயம். அங்கதான் ஹேவ். நேத்து ஆக்கினேன்னா அது நேத்தோட சரி. அங்க ஹேவைக் கொண்டு வராதே."

"புரியுது. ஆனா அந்த மீசையைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்க்கா."

மீசைக்காரர், ரயில் பட்டறையில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அய்யாவு. துரையோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற ஆள் என்று குவாட்டர்ஸ் முழுக்கப் பெயர். மகள் தனலெட்சுமியைக் கான்வென்டில் படிக்க வைத்தவர், படிப்பில் அவளுக்குக் குறைந்தவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று வீம்பு பிடித்தார். பெண் பார்க்க யார் வந்தாலும் முதலில் இங்கிலீஷில் மூன்று கேள்வி, அதுவும் இந்தப் பாழாய்ப்போன ஹேவ் கேள்விகள். தேறினால் பெண் காப்பியோடு வெளியே வருவாள். தேறாவிட்டால் காய்ந்த வாயோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"செந்தூல்லேருந்து பெண் பார்க்க வந்த வாத்தியாருக்கே காப்பி வரலியாம். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணவரு! நான் எம்மாத்திரம்லா?"

"அப்ப விட்டுத் தொலை. சாலாக் ஊர்ல நம்ம வள்ளியம்மாவோட மக இருக்கா. கேள்வியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"வேணாம்." பாலன் சட்டென்று நின்றான். "கட்டினா தனலெட்சுமியைத்தான் கட்டுவேன். இல்லன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"அப்படி என்னடா? நீங்க ரெண்டு பேரும் பேசினதுகூடக் கிடையாதே!"

"ஒருநாள் ஸ்டேஷன் பெஞ்சுல குடையை மறந்துட்டு வண்டி ஏறிட்டா. வண்டி கிளம்பிருச்சு. பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஓடி, ஜன்னல் வழியா நீட்டினேன். 'தேங்க் யூ'ன்னு சிரிச்சா. அவ்வளவுதான். அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கலக்கா."

இராஜம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, "வா, போகலாம்" என்றாள்.

அய்யாவு கோட்டு போட்டுக்கொண்டு, நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். உள்ளறை வாசலில் பூப்போட்ட திரை தொங்கியது. வெற்றிலைத் தட்டு வந்தது. காப்பி வாசனை வந்தது, காப்பி வரவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். "ஹேவ் யூ டேக்கன் யுவர் மீல்ஸ்?"

"எஸ் சார். ஐ ஹேவ் டேக்கன் மை மீல்ஸ்."

"ம்ம்."

"ஹேவ் யூ ஃபினிஷ்ட் யுவர் ஒர்க்?"

"எஸ் சார். ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை ஒர்க்."

"ம்ம்."

இராஜம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

"ஹேவ் யூ எவர் பீன் டு கிள்ளான்?"

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. அவ்வளவுதான், பாலனுக்கு மூளை பிளாட்பாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது.

"எஸ் சார்! ஐ ஹேவ் பீன் டு கிள்ளான் எஸ்டர்டே!"

இராஜம்மா அவன் தொடையைக் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எந்த வார்த்தையைச் சொல்லாதே சொல்லாதே என்று காலையிலிருந்து கத்தினாளோ, அதையே கூடத்தில் போட்டு உடைத்துவிட்டான், பாவி.

அய்யாவு முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதே "ம்ம்"தான். "இருங்க தம்பி, வரேன்" என்று எழுந்து திரைக்குப் பின்னால் போனார்.

"எந்திரிக்கா, போயிடலாம்" என்று முணுமுணுத்தான் பாலன். "அவரு வாயால போங்கன்னு கேக்கிறதுக்கு நாமளே போயிடுறது மரியாதை." செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசலைப் பார்த்தான்.

"சும்மா இருடா." அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பட்டறை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அய்யாவுக்கு. அவர் ரகசியம் பேசினாலே கூடத்துக்குக் கேட்டது.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரியே கேட்டுட்டேன் தாயி. நான் துரைகிட்டயே மலாய்ல பேசுறவன், எனக்கு என்ன எழவு புரியும்? பையன் சொன்னது சரியா, தப்பா?"

வளையல் மறுபடி குலுங்கியது.

"எல்லாமே சரிப்பா" என்றாள் தனலெட்சுமி. "அந்தச் செந்தூல் வாத்தியாரு மாதிரி தப்புத் தப்பா உளறல. காப்பி எடுத்துட்டு வரட்டுமா?"