ஸ்டெப்னிக்குள் ஒரு சாக்ஸ்

கார் திடீரென்று இடது பக்கமாக இழுத்தது. பஞ்சர் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் வாயில் வந்த முதல் வார்த்தை, "ஐயையோ, ஸ்டெப்னி!"

காரணம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

டிக்கியில், நான்கு பெட்டிகளுக்கும் ஒரு விரிப்புக்கும் அடியில், ஸ்டெப்னியின் நடுக்குழியில் அவருடைய பழைய சாக்ஸ் ஒன்று இருந்தது. சாக்ஸுக்குள் மகளின் கல்யாண நகை மொத்தமும் இருந்தது.

கல்யாணம் நாளை மறுநாள், மகள் வேலை பார்க்கும் ஊரில். எட்டு மணி நேரப் பயணம்.

நான் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். கேட்டால்தானே? அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. காரில் வைத்த பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் எழுதும் மனுக்களைப் படிப்பதுதான் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. சீட்டுக்கு அடியில் வைத்தவர்கள், துண்டு போட்டு மூடி வைத்தவர்கள், டீ குடிக்க இறங்கிய ஐந்து நிமிடத்தில் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அவருக்கு மனப்பாடம்.

"ஸ்டெப்னிக்குள்ள வெச்சுத் தொலைச்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தன்கூட எழுதினதில்ல," என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

என் அம்மாவின் கல் தோட்டை அந்தச் சாக்ஸில் போட எனக்கு மனசே வரவில்லை. துவைத்ததுதான் என்று சத்தியம் செய்தார்.

இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில், உச்சி வெயிலில், டிக்கியின் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார். அது எப்போதும் அப்படித்தான், சாவி போட்டாலும் ஐந்து நிமிடம் கெஞ்ச வேண்டும். வண்டி வாங்கி ஆறு வருடத்தில் அவர் சக்கரம் மாற்றியதே இல்லை. முதுகுவலிக்கு இடுப்பில் பெல்ட் வேறு.

எங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. நீலச் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"என்ன சார், பஞ்சரா? நகருங்க, நான் மாத்திக் குடுக்கறேன்."

வீட்டுக்காரர் முதுகால் டிக்கியை மறைத்துக்கொண்டார். "வேணாங்க. ஸ்டெப்னியும் பஞ்சர்."

"அதுக்கென்ன சார்? ரெண்டையும் கழட்டிக் குடுங்க. வேன்ல போட்டுட்டுப் போய் ஒட்டிக் கொண்டாந்துடறேன்."

சொன்ன பொய் இவ்வளவு சீக்கிரம் தன் தலையிலேயே விடியும் என்று அவர் நினைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வந்தவர் அதற்குள் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு டிக்கியில் கை வைத்துவிட்டார். உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு. திறந்துகொண்டது. மளமளவென்று பெட்டிகளை இறக்கிவைத்தார். விரிப்பின் நுனியைப் பிடித்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "தம்பி, அதுக்குள்ள எங்க பொண்ணோட கல்யாண நகை இருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அந்த மனிதர் விரிப்பிலிருந்து கையை எடுத்தார். சாலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

"கல்யாணம் எப்ப?"

"நாளன்னிக்கு."

தலையை ஆட்டினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"எடுத்துக் கையில வெச்சுக்குங்கக்கா. நீங்க சொன்னப்புறம் திரும்பறேன்."

சாக்ஸை எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாக்கி ஏறியது, பழைய சக்கரம் இறங்கியது, ஸ்டெப்னி மாட்டியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் நட்டுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பயபக்தியோடு பக்கத்தில் நின்றார். ஸ்டெப்னி பஞ்சர் இல்லை என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எத்தனை பேர் வருவார்கள், சாப்பாடு யார் பொறுப்பு என்று இவர் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மண்டபத்து முகவரி அச்சடித்த பத்திரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்து, குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும் என்று கும்பிட்டார்.

நீட்டிய பணத்தை அந்த மனிதர் தொடவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்காரர் பெட்டிகளை ஏற்றப் பின்னால் போனதும் அந்த மனிதர் என் ஜன்னலருகே குனிந்தார்.

"அக்கா, இனிமே ஸ்டெப்னிக்குள்ள எதையும் வைக்காதீங்க. டிக்கியத் திறந்தா நாங்க மொதல்ல கை விடற எடமே அதுதான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. பத்திரிகையை என் மடியிலேயே வைத்துவிட்டுப் போய் வேனில் ஏறினார்.

டிக்கியைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த வீட்டுக்காரர், வேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கமான மனுஷன்," என்றார். "குனிஞ்சு உங்கிட்ட என்னமோ சொன்னாரே?"

இன்னும் ஐந்து மணி நேரம் அவர்தான் வண்டி ஓட்டியாக வேண்டும்.

"பத்திரமா போகச் சொன்னாரு," என்றேன்.