எடைக்கல்

"போய் அந்த மனுஷன் கால்லயாவது விழுங்க. குழந்தையை விடவா உங்க ரோஷம் பெரிசு?"

சமையலறை வாசலில் நின்று கேட்டாள் மனைவி. லிஃப்ட் மெக்கானிக் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"விழுந்தா மிதிச்சிட்டுப் போவார். அவரைப் பத்தி உனக்குத் தெரியாது."

கம்பெனி இரண்டு மெக்கானிக்குகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ஒருவருக்குப் பெரிய நகரம். இன்னொருவருக்கு, பாதி வருஷம் பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். எந்த ஊர் வேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமை சர்வீஸில் மூத்தவருக்கு. மிஞ்சியதுதான் இவனுக்கு.

மூத்தவருக்குப் பட்டறையில் எடைக்கல் என்று பட்டப்பெயர். லிஃப்ட் மேலே போனால் அதன் எடைக்கல் கீழே இறங்கும். லிஃப்ட் இறங்கினால் அது ஏறும். அவரும் அப்படித்தான். நாலு பேர் ஒன்றைச் சொன்னால் அதற்கு எதிராகத்தான் போவார்.

"அவர் பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கறதே அந்தப் பெரிய ஊர்லதான். பேரனை இன்னும் கண்ணால பார்க்கல. விட்டுக் குடுப்பாரா?"

மனைவி கூடத்தை எட்டிப் பார்த்தாள். காதோரம் கேட்கும் மெஷின் ஒட்டிய நாலு வயது மகள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவளுக்கு இப்போதுதான் மெஷின் வைத்தாகிவிட்டது. இனி பேசப் பழக்க வேண்டும். அதற்கான பள்ளிக்கூடம் பெரிய நகரத்தில் இருக்கிறது. பனி ஊரில் இல்லை. இங்கேயும் இல்லை. இந்த வயதைத் தவறவிட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போன வருஷம் இவளைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனப்ப, பச்சைக் குழந்தைன்னுகூடப் பார்க்காம கவுனைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்தாரே. அவர்கிட்ட எங்க ஈரம் இருக்கப் போகுது?"

"இப்பதானே கால்ல விழச் சொன்னே?"

"வேற யார் கால் இருக்கு நமக்கு?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மூத்தவர் பாதுகாப்பு பெல்ட் போடாமல் லிஃப்ட் மேல் ஏறுகிறார் என்று ஆபீசில் ஒருமுறை சொன்னான். அவர் விழுந்து சாகக்கூடாது என்றுதான் சொன்னான். ஆனால் அவருக்கு வரவேண்டிய ஃபோர்மேன் வேலை போய்விட்டது. அன்றிலிருந்து அவனிடம் அவர் பேசுவது மூன்றே வார்த்தை: மேலே, கீழே, நிறுத்து. லிஃப்ட் பெட்டியின் தலையில் அவர் நின்று குரல் கொடுக்க, மொட்டைமாடி அறையில் இவன் அதை ஓட்ட வேண்டும். அந்த மூன்றில் ஒன்று காதில் விழாமல் போனாலும் ஆள் காலி.

அன்றும் அவர் குரல் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து வந்தது.

"மேலே."

ஓட்டினான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குனிந்தான்.

"அண்ணே, ஊர் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"கீழே."

"பொண்ணுக்காகத்தான் அண்ணே."

"கீழே!"

ஓட்டினான்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம்..."

"நிறுத்து!"

லிஃப்டையும் நிறுத்தினான். வாயையும் நிறுத்தினான்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். உள்ளே போகும்போதே நினைத்துக்கொண்டான். பனி ஊர்தான். வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"உங்களுக்குப் பெரிய நகரம்" என்றார் மேனேஜர்.

"சார்... அவர்?"

"அவர் பனி ஊரைக் கேட்டு வாங்கிக்கிட்டார்."

வெளியே எடைக்கல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி நின்றிருந்தார்.

"என்ன முழிக்கிறே? பனி ஊருக்குப் படிக்காசு ஜாஸ்தி. உன்னை மாதிரி நான் என்ன இளிச்சவாயனா?"

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி மகளை வாரி அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்த பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

"காசுன்னதும் பேரனைக்கூட மறந்துட்டாரே! என்ன ஜென்மமோ. அந்தப் பேராசை நல்லா இருக்கட்டும், நம்ம குழந்தை தப்பிச்சுது."

அதே நேரம் மேனேஜர் எடைக்கல்லை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஊருக்கும் ஒரே படிதானே? அவன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

எடைக்கல் துணியை முறுக்கினார்.

"போன வருஷம் அந்தக் குட்டி, ஓடுற மோட்டார்கிட்ட கையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு சார். 'நிறுத்து'ன்னு கத்தினேன். என் சர்வீஸ்ல அந்தச் சத்தத்துக்கு நிக்காத ஆள் கிடையாது. அது திரும்பிக்கூடப் பார்க்கல. ஓடிப்போய் கவுனைப் பிடிச்சு இழுத்தேன். அதுக்குக் காது கேக்காதுன்னு அப்பதான் புரிஞ்சுது. பேசப் பழக்கற பள்ளிக்கூடம் அந்தப் பெரிய ஊர்லதான் இருக்குன்னு பட்டறையில பேசிக்கிட்டாங்க."

"உங்க பேரன்?"

"என் பேரனுக்குக் காது நல்லா கேக்குது சார். போன்ல கத்தினாப் போதும்."

மேனேஜர் எழுந்தார்.

"இதை அவன்கிட்ட நானே சொல்லிடறேன். பகை தீர்ந்து போகட்டும்."

எடைக்கல் பதறி எழுந்து கதவைச் சாத்தினார்.

"மூச்சு விட்டுடாதீங்க! ஃபோர்மேன் வேலை போனதை நான் இன்னும் மறக்கல. விஷயம் தெரிஞ்சா நன்றி சொல்ல வந்து நிப்பான். அப்புறம் அந்தப் பனியில யாரைத் திட்டி நான் உடம்பைச் சூடா வச்சுக்கறது?"