பால்கனி லாட்ஜ்

"பூச்சிக்கு லாட்ஜா? அதுவும் என் வீட்டுலயா?"

மாமனார் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஆயுசு முழுக்கப் பூச்சிமருந்துக் கடை நடத்தியவர். கடையை விற்ற பிறகு அதட்டுவதற்கு மருமகளை விட்டால் ஆள் கிடையாது.

மருமகள் அசரவில்லை. பால்கனியில் உட்கார்ந்து, பழைய மரப்பெட்டிக்குள் மூங்கில் குழாய்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கூட்டமா இல்லாம தனியா வாழ்ற தேனீ இருக்கு மாமா. குழாய்க்குள்ள முட்டை போட்டு, வாசலை மண்ணால அடைச்சிட்டுப் போயிடும். பாவம், டவுன்ல அதுக்கு இடமே இல்ல. வந்துச்சுன்னா நம்ம தொட்டிச் செடியெல்லாம் காய்க்கும்."

"காய்க்கும், காய்க்கும்!" கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். எப்போதோ மருந்து டின் மூடி கிழித்த தழும்பு அந்த விரலில் குறுக்கே ஓடியது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். ஒருத்தரும் ரூம் எடுக்கலேன்னா பெட்டி குப்பைக்கு!"

"சரி மாமா."

தினமும் காலையில் லென்ஸோடு பால்கனிக்குப் போவாள். முகம் தொங்கத் திரும்புவாள்.

"என்னம்மா, லாட்ஜ் ஈ ஓட்டுதா?"

"ஈ கூட வரல மாமா."

சனிக்கிழமை அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒரு பெட்டிக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றான் கணவன்.

"இந்த ஊருக்கு வந்ததுலேருந்து என்னைத் தேடி யாருமே வந்ததில்ல. இதுவாவது வரும்னு நெனச்சேன்."

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாளைக்குக் குப்பை வண்டி சீக்கிரமே வந்துடும். ஞாபகம் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அலறலில்தான் வீடே எழுந்தது.

"ஏம்மா! வந்து தொலைச்சிருச்சு பாரு உன் தேனீ! மூணு ரூமை அடைச்சு வெச்சிருக்கு. இனிமே எப்படிக் குப்பையில போடறது? உள்ள முட்டை இருக்குமே!"

மருமகள் ஓடினாள். மூன்று குழாய்களின் வாயிலும் மண். ஈரம்கூடக் காயவில்லை.

லென்ஸை வைத்துக் குனிந்தாள். பெரிய குழாயை அடைத்த மண்ணில் சுழி சுழியாக ரேகை. குறுக்கே ஒரு தழும்பு.

லென்ஸை மடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, பார்த்தாச்சா? எந்த வகைத் தேனீயாம்?" மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதட்டினார்.

"அபூர்வமான வகை மாமா," என்றாள். "சத்தம்தான் பெருசா போடும். கொட்டவே கொட்டாது."